டிசம்பரில் ஏது உப்பு?

என் கதையில் ஒருத்தியைக் கொன்றுவிட்டார்கள். அவளை எழுதிப் பெற்றவள் நான்; என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இத்தனை வருடம் கழித்தும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அப்போது மரக்காணம் உப்பளத்தில் கூடை சுமந்துகொண்டிருந்தேன். எட்டாவதோடு படிப்பு நின்றதே தவிர, படிக்கிற பைத்தியம் நிற்கவில்லை. கிளை நூலகத்தில் இருந்த கதைப் புத்தகங்களை ஒன்று விடாமல் முடித்துவிட்டு, அதுவும் போதாமல் நானே எழுத ஆரம்பித்தேன். வீசியெறிந்த லாரி எடைச் சீட்டுகளின் பின்பக்கம்தான் எனக்குக் காகிதம். எழுதியதைச் சாப்பாட்டு வேளையில் கூட வேலை செய்யும் பெண்களுக்குப் படித்துக் காட்டுவேன். ஒரு வரி பொய்யாக இருந்தாலும் அங்கேயே மானத்தை வாங்கிவிடுவார்கள்.

அந்தக் கதை எங்களில் ஒரு அக்காவைப் பற்றியது. அவள் புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு, தன்னந்தனியாகத் திண்டிவனத்துக்கு பஸ் ஏறி, மேட்னி ஷோ போகிறாள். உப்பு அரித்த காலைச் செருப்பு கடிக்கிறது. கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, படம் முடிகிறவரை சிரித்துச் சிரித்துப் பார்க்கிறாள். கதை அவ்வளவுதான். சுனாமிக்கு முன்பே அதைச் சென்னையில் ஒரு பத்திரிகைக்கு அனுப்பியிருந்தேன்.

2005 மார்ச்சில் அது அச்சாகி வந்தது. உப்புக் குவியலின் நிழலில் எல்லோரையும் உட்கார வைத்துப் பெருமையாகப் படித்தேன். கடைசிப் பத்தியில் சினிமாக் கொட்டகையைக் காணோம். டிசம்பர் மாதக் காலையில், தலையில் உப்புக் கூடையோடு அவள் வரப்பில் நடக்கிறாளாம். அலை வந்து அவளை வாரிக்கொண்டு போகிறதாம்.

“டிசம்பர்ல ஏதுடி உப்பு?” என்றாள் ஒருத்தி. “பாத்தி பூரா மழைத்தண்ணில்ல நிக்கும்?”

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் என்னைப் பார்த்தாள். “என்னை ஏன்டி சாவடிச்ச?” என்று கேட்டாள்.

அன்று சாயங்காலமே எஸ்.டி.டி. பூத்திலிருந்து பத்திரிகை ஆசிரியருக்கு போன் போட்டேன்.

“ரீடர்ஸ் இப்ப அதத்தாம்மா எதிர்பார்க்கிறாங்க” என்றார். “உப்பளத்துப் பொம்பள சினிமா பார்த்தான்னு முடிச்சா, அதுல என்னம்மா இருக்குது?”

“டிசம்பர்ல உப்பளத்துல வேலையே கிடையாதுங்க சார்.”

“அதெல்லாம் யாரும்மா பார்க்கப் போறாங்க?”

நாங்கள் பார்ப்போம் என்று நான் சொல்வதற்குள் வைத்துவிட்டார். எங்கள் பக்கத்துக் குப்பத்தில் அலை நிஜமாகவே ஆட்களைக் கொண்டுபோயிருந்தது. அவர்களுக்காக நாங்கள் அழுத அழுகை இவருக்குக் கதையை முடிக்க உதவுகிற சரக்காகிவிட்டது. உப்பளத்துக்காரி செத்தால்தான் கதையா? அவள் சிரித்தால் அச்சில் ஏற மாட்டாளா? இனி எழுதவே கூடாது என்று அன்று ராத்திரி முழுக்கக் கறுவிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “அந்த புக்க எடு. என்னைச் சாவடிச்சத அடிச்சுடு” என்றாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. விரலால் காட்டிக் காட்டி, “இதுவா? இதுவா?” என்று கேட்டு, அந்தப் பத்தியின் ஒவ்வொரு வரியையும் நீலப் பேனாவால் அடிக்க வைத்தாள். பிறகு என் பழைய முடிவை ஒரு எடைச் சீட்டில் எழுதி, அதன்மேல் சோற்றுப் பருக்கையால் ஒட்டினோம். முதலிலிருந்து படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

“எல்லாம் சரி. படம் வுட்டதும் செருப்பப் போட்டுக்கினு வந்தேனா, கையில எடுத்துக்கினு வந்தேனா? அத எழுதலையே நீ.”

எனக்குத் தெரியவில்லை. அவளையே கேட்டேன்.

“கையிலதான்” என்றாள். “பஸ்ஸுல எல்லாரும் பாக்கட்டும்.”

அந்த வரியை எழுதிச் சேர்த்தேன். கதை அங்கேதான் முடிகிறது.