கண்ணாடிக்காரர் வீட்டு இரண்டு வயர்கள்

கடைத்தெரு வளைவில், மருந்துக்கடைக்கும் சலவைக்கடைக்கும் நடுவே அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறது. தெருவில் எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரர். பின்னறையில் ஆளை உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, கனமான சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, வட்டக் கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாகச் செருகுவார். "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பார். பதில் சட்டென்று வந்துவிட்டால் நம்பமாட்டார். சில்லை மாற்றாமலேயே மாற்றியதுபோல் கையை அசைத்து, "இப்போ?" என்பார். "இப்போ நல்லா இருக்கு" என்று சொன்னவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பொய் சொல்லும் எண்ணம் யாருக்கும் இல்லை, கேட்பவரைத் திருப்திப்படுத்தப் பார்க்கிறார்கள் என்பது இத்தனை வருடத்தில் அவர் கண்டது. பொறுமைசாலி என்று பெயர். அது கடையில் மட்டும்தான் என்பது அவர் மனைவியின் கருத்து.

பகலெல்லாம் அடுத்தவர் கண்ணுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வருவதால், மாலையில் அவருக்குக் கண்ணைத் திறந்து வைத்திருக்கவே பிடிக்காது. சோபாவில் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு டிவியில் ஓடும் படத்தைக் காதால் பார்ப்பார். பக்கத்தில் மனைவி நிஜமாகவே பார்ப்பாள். "இப்ப யாரு வந்தது?" என்று அவர் கேட்பார். "அந்தத் திருட்டு முழிக்காரன்தான், புதுக் கோட்டு போட்டுட்டு வந்திருக்கான்" என்று அவள் சொல்வாள். மகள் வேலைக்காக வேறு ஊருக்குப் போனபிறகு, இருவரும் சேர்ந்து உட்காரும் நேரம் அது ஒன்றுதான்.

டிவிச் சத்தத்தைப் பெரிதாக்கித் தந்த பழைய ஆம்ப்ளிபயர் ஒருநாள் புகைந்து செத்துப்போனது. ஐந்து ஸ்பீக்கர் பெட்டிகளோடு புதிதாக வாங்கியதைப் பொருத்த மனைவியின் தம்பி வந்தான். கட்டடங்களில் கண்காணிப்புக் கேமரா மாட்டுவது அவன் தொழில். டிவியிலிருந்து ஆம்ப்ளிபயருக்குச் சத்தத்தைக் கொண்டுபோக இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, சிவப்பும் வெள்ளையுமாக முனைகள் கொண்ட பழைய அனலாக் வயர். மற்றது ஆப்டிகல் என்கிற மெல்லிய கறுப்பு வயர்; டிஜிட்டல் சத்தம் அதில் வெளிச்சமாகப் போகும்.

"வெளிச்சமாவா?" முனையில் கசிந்த சிவப்பு ஒளியைப் பார்த்ததும் கண்ணாடிக்காரருக்கு அந்த வயரோடு ஏதோ சொந்தம் வந்துவிட்டது.

"ஆமா மாமா. இரைச்சல் ஏறாது. அஞ்சு பெட்டியிலயும் தனித்தனியா பிரிஞ்சு வரும். இந்தச் சிவப்பு வெள்ளையில ரெண்டுதான். இதைப் போய் மாட்டுனா, காரை வாங்கிட்டுத் தள்ளிட்டுப் போற மாதிரி."

"அப்ப வெளிச்சத்தையே மாட்டு."

பழையதும் கிடக்கட்டும் என்று இரண்டையும் மாட்டிவிட்டுப் போனான். ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்.

கண்ணாடிக்காரருக்கு ஆனந்தம். மூடிய கண்ணுக்குப் பின்னால் ரயில் ஒன்று தலையைச் சுற்றிக்கொண்டு போனது. மனைவியோ, "என்ன பேசுறாங்கன்னே புரியலையே" என்றாள். சத்தத்தைக் கூட்டினார். "சத்தம் இருக்குங்க. பேச்சுதான் இல்ல" என்றாள். முதலில் பாதிப் படத்தில் எழுந்துபோனாள். பிறகு துணி மடிக்க வேண்டும் என்றாள். பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டாள். புதியது எதுவானாலும் அவளுக்கு ஆகாது என்று அவர் தீர்மானித்தார். தன் வசதிக்கு ஏற்ற விளக்கம் கிடைத்துவிட்டால் மேற்கொண்டு யோசிக்காதவர்கள்தாம் நாம் எல்லோரும், அவரும் விலக்கல்ல. ஆனால் திரையில் வந்தது யார் என்று பார்க்கத் தானே கண்ணைத் திறக்க வேண்டியிருந்தபோது, அறை அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது. அவளைத் திரும்ப உட்காரவைக்க வேண்டும். அதற்கு அவருக்குத் தெரிந்த வழி சோதனைதான்.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனனை வரவழைத்து, மனைவியை நடுவில் உட்காரவைத்து, ரிமோட்டைக் கையில் எடுத்தார்.

"இது தெளிவா, அது தெளிவா?"

"அது. பழசு."

மாற்றாமலேயே கட்டைவிரலை அசைத்தார். "இப்போ?"

"நீங்க மாத்தவே இல்லையே."

மைத்துனன் சிரித்தான். "மாமா, உங்க கடை வித்தையெல்லாம் அக்காகிட்ட செல்லாது."

ஆம்ப்ளிபயரின் முகப்பில் எரியும் எழுத்தைப் பார்த்துச் சொல்கிறாளோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. "கண்ணை மூடிக்க. அப்பதான் நியாயமா இருக்கும்."

மூடினாள். கதாநாயகி தன் அண்ணனிடம் ஏதோ சொல்லும் காட்சி ஓடியது.

"இது?"

"புரியல."

பழைய வயருக்கு மாற்றினார். "இது?"

"இதுவும் புரியல."

"அவ என்ன சொன்னான்னாவது சொல்லேன்."

"தெரியலங்க."

கண்ணைத் திறக்கச் சொல்லிவிட்டு, அதே காட்சியைப் பழைய வயரிலேயே மறுபடி போட்டார். ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள்.

"அக்கா, காதைக் கழட்டி எங்கயாவது வச்சிட்டியா?" என்றான் தம்பி. யாரும் சிரிக்கவில்லை. அவனே கீழே பார்த்துக்கொண்டான்.

கண்ணாடிக்காரர் கண்ணாடியை எடுத்து மாட்டினார். ஆப்டிகலுக்கு மாற்றிவிட்டு, திரையில் அந்தப் பெண்ணின் உதடுகளை, கடையில் கண்ணைப் பார்ப்பதுபோல உற்றுப் பார்த்தார். உதடு மூடிய பிறகுதான் சொல் முடிந்தது. தாமதம் மிகக் கொஞ்சம்தான்.

"மாப்ள, வாய் முன்னால போகுதேடா."

"அது அப்படித்தான் மாமா. உள்ள பிரிச்சுப் பங்கு போட ஆம்ப்ளிபயருக்குக் கொஞ்சம் நேரம் வேணும். பழைய வயர்ல அந்த வேலை இல்ல. இதெல்லாம் யாரும் கவனிக்கமாட்டாங்க."

"சரிபண்ண முடியாதா?"

"சத்தத்தை இன்னும் பின்னால தள்ளத்தான் இதுல வழி இருக்கு. முன்னால இழுக்க முடியாது."

மைத்துனன் போனபிறகு அவர் டிவியை அணைத்தார்.

"எப்பலேருந்து?"

"எது?"

"வாயைப் பார்த்துக் கேட்கிறது."

"மக ஊருக்குப் போறதுக்கு முன்னாலேயே. நீங்க பேசுறப்பல்லாம் உங்க மூஞ்சியத்தானே பார்த்துட்டு இருக்கேன்? ஆசையிலன்னு நெனச்சீங்களாக்கும்."

அவர் அப்படித்தான் நினைத்திருந்தார்.

"கண்ணுக்குக் கண்ணாடி போடுறதில்லையா? அது மாதிரி இதுவும்..." என்று தொடங்கினார். கண்ணாடி போட வெட்கப்படுபவர்களிடம் தினமும் பேசும் பேச்சு.

"கடைப் பேச்சை இங்க பேசாதீங்க. கண்ணாடி போட்டவள பார்த்தா படிச்சவன்னு நெனப்பாங்க. காதுல மாட்டினவள செவிடிம்பாங்க."

குறைகளுக்குள்ளும் மேல் கீழ் வைத்திருக்கிறது உலகம். அதை இரண்டு நல்ல வார்த்தையால் சமன்செய்ய முடியாது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது என்றால், தாமதம்தான்.

ரிமோட்டை மறுபடி எடுத்துக்கொண்டு சொன்னார்: "பழைய வயர்ல போட்டா நீ எப்பவும்போல சமாளிச்சுக்குவ, நானும் ஒண்ணும் தெரியாத மாதிரி படுத்துக் கிடப்பேன். புதுசுல போட்டா நீ எழுந்து போயிடுவ. நீயே சொல்லு, எதைப் போட?"

"பழசப் போடுங்க" என்றாள். பிறகு, "டாக்டர்கிட்டயும் போவோம். உங்களுக்காக இல்ல. போன வாரம் ரோட்டுல ஒரு வண்டி உரசிட்டுப் போச்சு. பின்னால வர்ற வண்டிக்கு வாய் கிடையாதே" என்றாள்.

உரசியதை அவள் அதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு காதுக்கும் கேட்கும் கருவி வந்தது. முதல் வாரம் பாத்திரம் கழுவும் சத்தத்துக்கே அவள் எரிச்சல்பட்டாள். கழற்றி வைத்தாள், மறுபடி மாட்டினாள். வெளியே போகும்போது மட்டும் மறக்காமல் மாட்டிக்கொண்டாள். "இனி ஆப்டிகலுக்கே மாறிடலாமே மாமா" என்று மைத்துனன் வந்து நின்றான். போட்டுப் பார்த்தார்கள். கருவி பேச்சைக் கிட்டே கொண்டுவந்தது; பிந்தி வருவதை முந்த வைக்கவில்லை. பழகிய கண் இன்னும் உதட்டில்தான் இருந்தது. அவள் முகம் சுளித்ததும், அவளைக் கேட்காமலேயே அவர் பொத்தானை அழுத்தினார்.

ஆக, அந்த வீட்டில் சிவப்பு வெள்ளை வயர்தான் வேலை செய்கிறது. மூன்று பெட்டிகள் சும்மா நிற்கின்றன; ஒன்றின்மேல் இஸ்திரி போட வேண்டிய துணி கிடக்கிறது. கண்ணாடிக்காரர் திருந்தி, கண்ணைத் திறந்து வைத்துப் படம் பார்க்கிறார் என்று எழுத ஆசைதான். பாதிப் படத்தில் மூடிக்கொள்கிறார். ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் மட்டும், முதலில் முகத்தை அவள் பக்கம் திருப்பிவிட்டு, அவள் பார்த்த பிறகு வாயைத் திறக்கிறார்.