மாடி வீட்டு மச்சான்

திண்டிவனத்தில் வரிக்காக என் வீட்டை அளக்க வந்த நகராட்சி ஊழியருக்குக் கை சும்மா இருக்காது. பேசும்போதெல்லாம் டேப்பை இழுத்து இழுத்து விடுவார். அது சரக்கென்று உள்ளே ஓடும்போது எனக்குத் திக்கென்றிருக்கும்.

“மாடியில யாரு சார்?”

“மச்சான்” என்றேன். வாடகைக்கு விட்டால் வரி கூடுதலாம், கடை வைத்தால் இன்னும் கூடுதலாம். ஒரே செங்கல், ஒரே சிமென்ட்; உள்ளே யார் தூங்கினால் நகராட்சிக்கு என்ன? அளக்க ஆள் வந்தால் எங்கள் தெருவில் வாடகைக்கு இருப்பவர்கள் எல்லோரும் உறவாகிவிடுவார்கள்.

“எல்லா மாடியிலயும் மச்சான்தான் இருக்காங்க” என்றார் அவர். “விழுப்புரத்துல நானும் என் ஓனருக்கு மச்சான்தான் சார். அவருக்கு வரி ஏறல. எனக்கு வாடகை மட்டும் ஏறிக்கினே இருக்கு.”

டேப் மறுபடி உள்ளே ஓடியது. அவர் நோட்டில் ஏதோ எழுதினார்; என் மாடியை என்னவென்று எழுதினார் என்று நான் எட்டிப் பார்ப்பதற்குள் மூடிவிட்டார்.