குலசாமிக்குப் பூட்டு

எங்கள் குலசாமியைப் பூட்டி வைத்தார்கள். சாவி வேலூரில் இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் என் வீட்டில் நடந்த சண்டைகளில் பாதிக்கு இதுதான் காரணம் என்றால் இன்று என் மகளே சிரிக்கிறாள். அவள் தலைக்காகத்தான் அத்தனை சண்டையும்.

என் கணவர் வீட்டாருக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கம் கொஞ்சம் மல்லாட்டைக் கொல்லை, அதாவது நிலக்கடலை நிலம், உண்டு. அதன் ஓரத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கல், அதில் வில்லோடு நிற்கும் ஓர் ஆள். வேடியப்பன் என்று கும்பிடுவார்கள். அந்தக் குடும்பத்தில் பிறக்கும் குழந்தைக்கு முதல் முடி அங்கேதான் இறக்க வேண்டும். கல்லுக்கு எண்ணெய் தேய்த்து, மஞ்சள் பூசி, பொங்கல் வைத்து, கிடா வெட்டிய பிறகுதான் குழந்தை தலையில் கத்தி படலாம். வேறு எங்கே எடுத்தாலும் சாமி குற்றம்.

என் மகளுக்கு ஒரு வயது ஆவதற்குள் பழைய சின்னங்களைக் காக்கும் இலாகாவிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். கல்லின் மேல் காகிதம் ஒட்டி, மை தட்டி, எழுத்தைப் படியெடுத்தார்கள். ஆயிரம் வருஷத்துக் கல், மாடு மீட்கப் போய்ச் செத்த வீரனுக்கு நட்டது என்றார்கள். தலைமுறை தலைமுறையாகப் படிந்திருந்த எண்ணெயையும் மஞ்சளையும் என்னவோ மருந்து போட்டுத் தேய்த்துக் கழுவினார்கள். பிறகு சுற்றிலும் கம்பி வேலி, ஒரு கதவு, ஒரு பூட்டு, ஒரு நீலப் பலகை. எண்ணெய் ஊற்றினால் தண்டனை, மஞ்சள் பூசினால் தண்டனை, பக்கத்தில் அடுப்பு மூட்டினாலும் தண்டனை.

"செத்தவன்னா என்ன, எங்களுக்கு சாமிதான்" என்றார் மூத்தார். என் கணவரின் அண்ணன். கொல்லையைப் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருந்தவர். வாய்தான் அப்படிச் சொன்னது. பலகையைக் கண்டதும் ஆள் நடுங்கிப்போனார்.

நான் திருவண்ணாமலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். மண்டிக்காரர்கள், லாட்ஜுக்காரர்கள், வக்கீல்கள் எல்லோருக்கும் டிரங்க் கால் போட்டுக் கொடுப்பவள். சாவி வைத்திருந்த அதிகாரியை மட்டும் என்னால் பிடிக்க முடியவில்லை. கேம்ப் போயிருக்கிறார், மீட்டிங்கில் இருக்கிறார், மனு எழுதிப் போடுங்கள். போட்டோம். மெட்ராஸ் அனுமதி வேண்டும் என்றது வேலூர். மெட்ராஸ் டெல்லியைக் கைகாட்டியது. என் குழந்தைக்கு மொட்டை போடலாமா என்று டெல்லி யோசிக்க வேண்டியிருந்தது!

இதற்குள் அவளுக்கு மூன்று வயது. முடி முதுகுவரை வளர்ந்துவிட்டது. பேன் வேறு. அந்தக் கோடையில் மண்டையெல்லாம் கட்டி கிளம்பி, சீழ் வைத்து, தலையணையில் ஒட்டிக்கொள்ளும். ராத்திரி தூங்கமாட்டாள், எங்களையும் தூங்கவிடமாட்டாள்.

"மொதல்ல முடிய எடுத்துட்டு வாங்க. அப்புறந்தான் மருந்து" என்று டாக்டர் கையை விரித்தார்.

"சாமிக்குக் குடுக்காம கத்தி வெக்கக் கூடாதும்மா. கொழந்தைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்றார் மூத்தார்.

"வேலிக்கு வெளியவே வெச்சு எடுத்துடலாமே" என்றேன்.

"மஞ்ச இல்லாம மூளியா நிக்குற கல்லு முன்னாடியா?"

என் கணவர் பஸ் கண்டக்டர். அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தோல் பையை மாட்டிக்கொண்டு டியூட்டிக்குக் கிளம்பிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

ஒரு நாள் அதே அதிகாரி வேலூரிலிருந்து இங்குள்ள லாட்ஜுக்குப் பேசினார். லைன் போட்டுக் கொடுத்தவள் நான். ஒட்டுக் கேட்டேன், அதற்காக இன்றுவரை வெட்கப்படவில்லை. வெளிநாட்டு நிபுணர் குழு வருகிறதாம். திருவண்ணாமலைப் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை காலையில் கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கல்லையும் பார்க்குமாம். பார்க்க வேண்டுமென்றால் பூட்டைத் திறந்துதானே ஆக வேண்டும்?

வியாழக்கிழமை ஜீப்புகள் வந்தபோது நாங்கள் பொங்கல் பானை, கிடா, நாவிதர், உறவுக்காரர்கள் சகிதம் கொல்லையில் தயாராக இருந்தோம். அதிகாரிக்கு முகம் கறுத்துவிட்டது. ஆனால் குழுவுக்குத் தலைமை தாங்கிய வெள்ளைக்கார அம்மாளுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. இவர்கள் யார் என்று அதிகாரியிடம் கேட்டார். அவர் சட்டென்று ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, தன் இலாகாதான் எங்களை வரச் சொன்னதாக இங்கிலீஷில் சொன்னார். எனக்கும் அவ்வளவு இங்கிலீஷ் புரியும். பூட்டு திறந்தால் சரி என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மஞ்சள் பூசினோம், கிடாவும் வெட்டியாயிற்று. மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாவிதர் பாதித் தலையைச் சிரைத்திருப்பார். குழுவோடு வந்திருந்த கேமராக்காரர் கையைத் தூக்கினார்.

"கொஞ்சம் நிறுத்துப்பா. பிலிம் ரோல் மாத்தணுமாம்" என்றார் அதிகாரி.

ஒரு பக்கம் மொட்டை, ஒரு பக்கம் முடி, உடைந்த கட்டியிலிருந்து ரத்தம், தலைக்கு மேல் வெயில். குழந்தை வீறிட்டு அழுதாள். கேமராக்காரர் நிதானமாக ரோல் மாற்றினார். அதற்குப் பிறகு வெளிச்சம் சரியில்லை என்று எங்களைத் திருப்பி உட்கார வைத்தார்கள். அந்த அம்மாள் கெட்டவரில்லை. குழந்தைக்கு மிட்டாய்கூடக் கொடுத்தார். ஆனாலும் அந்தக் கேமராவைப் பிடுங்கிக் கிணற்றில் போடலாமா என்றிருந்தது எனக்கு.

ஜீப்புகள் போனதும் கதவை மறுபடி பூட்டினார்கள். மகளின் தலை பத்து நாளில் ஆறியது. கல்லை மட்டுமல்ல, அங்கே நடக்கும் வழக்கத்தையும் பாதுகாக்க வேண்டும் என்று குழு எழுதியதாம். பூட்டு என்னவோ அப்படியேதான் தொங்கியது. வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்த எங்கள் படத்தை அதிகாரி அனுப்பி வைத்தார். என் கணவர் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். மூத்தார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சில வருஷங்களில் மகன் பிறந்தான். அவனுக்கு ஒரு வயது ஆகப்போகும் சமயம், முன்பு டெலிபோனில்கூடக் கிடைக்காத அதே அதிகாரி எங்கள் வீடு தேடி வந்தார். காபி குடித்தார். குழந்தையைக் கொஞ்சினார்.

"பையனுக்கு முடி எடுத்துடலையே? எடுத்துடாதீங்க. அடுத்த வருஷம் இன்னொரு குழு வருது. அப்ப வெச்சுக்கலாம்."

"அதுக்கென்ன சார், வெச்சுக்கலாம்" என்றார் என் கணவர், படத்தைப் பார்த்துக்கொண்டே.

மறுநாள் காலை மகனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கத்து சலூனுக்குப் போனேன். சாமி குற்றம், சாமி குற்றம் என்று எத்தனை வருஷம் கேட்ட பேச்சு, சும்மா விடுமா? சாமி, கோபமென்றால் என்மேல் காட்டு, பிள்ளையை விட்டுவிடு என்று வேண்டிக்கொண்டே அவன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சேதி கேட்டு மூத்தார் அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிட்டார். பையனின் மொட்டைத் தலையைப் பார்த்தார். வேடியப்பன் சும்மா விடமாட்டான் என்று சொல்லப்போகிறார் என நான் மனசைத் திடப்படுத்திக்கொண்டு நின்றேன்.

"ஏம்மா இப்படிப் பண்ணிட்ட? வெளிநாட்டுக்காரங்க வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது?" என்றார்.

என் கணவரும் அதையேதான் கேட்டார். சாமி என்ன நினைக்கும் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.