நவோமியின் பிடியரிசிப் பானை

தெல்லிப்பழையில் பத்மாசினி என்று விசாரித்தால் யாருக்கும் தெரியாது. வேதக்காரப் பத்மாசினி என்றால்தான் கை காட்டுவார்கள். ஞானஸ்நானத்தில் வைத்த நவோமி என்ற பெயரோ வருடத்தில் ஒரேயொரு நாள்தான் வெளியே வரும். அறுப்பின் பண்டிகையன்று பிடியரிசி கொடுத்தவர்களின் பெயர்களை உபதேசியார் இராசநாயகம் ஆலயத்தில் நின்று வாசிப்பார். "நவோமி பத்மாசினி" என்று அவர் வாசிக்கும்போது அவள் சேலைத் தலைப்பை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொள்வாள்.

சைவக் குடும்பத்துப் பெண் அவள். ஐம்பத்தாறாம் ஆண்டில் வேதக்கார வாத்தியார் ஒருவரைக் கட்டி ஞானஸ்நானமும் பெற்றாள். அன்றைக்கே தகப்பன் பரமலிங்கம் அவளைத் தலைமுழுகிவிட்டார். வாத்தியாரும் நாலு வருடத்தில் காய்ச்சலில் போனார். பிள்ளை இல்லை. பிறந்த வீட்டார் கலியாணத்துக்கும் சொல்வதில்லை, செத்தவீட்டுக்கும் சொல்வதில்லை. ஆலயத்தாருக்கோ அவள் கடைசி வரிசை வாங்கில் இருக்கும் ஒரு வெள்ளைச் சேலை. ஒரு ஆளுக்கு உலை வைப்பது எவ்வளவு கொடுமை என்று வைத்தவர்களைக் கேட்டால் தெரியும்.

உலை வைக்கும்போதெல்லாம் ஆண்டவருக்கென்று ஒரு பிடி அரிசியை எடுத்து மூலையில் இருந்த மண்பானையில் போடுவாள். மிஷன் காலத்திலிருந்து வந்த பழக்கம் அது. அந்தப் பிடியைப் போடும்போது வீட்டில் இன்னொருவருக்கும் சேர்த்துச் சமைப்பதுபோல அவளுக்கு இருக்கும்.

எழுபத்து மூன்றாம் ஆண்டு கடைசியில் அரிசித் தட்டுப்பாடு வந்தது. பேக்கரியில் பாணுக்கு வரிசை, மத்தியானத்துக்கு மரவள்ளிக் கிழங்கு. பக்கத்து வளவு மகாதேவியின் புருஷன் கனகசபாபதி பாரிசவாதத்தில் படுக்கையாய்க் கிடந்தார். கஞ்சியைத் தவிர அவர் தொண்டையில் ஒன்றும் இறங்காது. அந்த வீட்டு அடுப்பு இரண்டு நாளாய்ப் புகையாததைப் பார்த்து நவோமி வேலிப் பொட்டடிக்குப் போனாள். பொட்டு என்றால் வேலியில் ஒரு ஆள் குனிந்து வரக்கூடிய இடைவெளி. அதற்குள்ளால் குனிந்து அவளிடம் யாரும் வந்தது கிடையாது.

"பிள்ளை, கொஞ்சம் கஞ்சி காய்ச்சிக் கொண்டரட்டோ?"

மகாதேவி நிலத்தைப் பார்த்தாள். "குறை நினையாதேங்கோ அக்கா. சமைச்சது நாங்கள் வாங்கிறேல்லை. அரிசியாய் எண்டால்..."

ஊர் வழக்கம் அப்படி. அரிசிக்கு மதம் அடுப்பில் ஏறின பிறகுதான் வருகிறது போலும். நவோமியின் கூப்பன் அரிசியோ முடிந்திருந்தது. அடிக்கடி வெயிலில் காயவைத்து, வண்டு பிடிக்காமல் பார்த்துக்கொண்ட பத்து மாதப் பிடியரிசிதான் இருந்தது. ஆண்டவருக்கு வைத்ததில் கைவைப்பது லேசான காரியமா? பண்டிகைக்கு இன்னும் இரண்டு மாதம். பானை வெறுமையானால் பெயர் இல்லை. அவள் பானைக்கு முன்னால் வெகுநேரம் இருந்தாள். பிறகு ஒரு சுண்டு அரிசியை அள்ளிக்கொண்டுபோய்ப் பொட்டுக்குள்ளால் நீட்டினாள்.

அடுத்த நாளும் நீட்டினாள். "இண்டைக்கு அவருக்கு எப்பிடி?" என்று கேட்பாள். மகாதேவி இரண்டு வார்த்தை கதைப்பாள். அந்த இரண்டு வார்த்தைக்காக நவோமி காலையிலிருந்து காத்திருப்பாள்.

பண்டிகைக்கு ஒரு கிழமைக்கு முன் உபதேசியார் வந்து பானையைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"என்ன அக்கா, ஆண்டவருக்கு ஒரு மணியும் இல்லையோ?"

"முடிஞ்சுபோச்சு ஐயா."

யாருக்குப் போனதென்று அவர் கேட்கவில்லை. மகாதேவி வேதக்காரரின் அரிசியில் சீவித்தாள் என்று ஊர் கதைக்கும் என்பதால் நவோமியும் சொல்லவில்லை.

அந்தப் பண்டிகையில் போதகர், மனிதன் நற்கிரியையால் மோட்சம் போவதில்லை, விசுவாசத்தால்தான் போகிறான் என்று முக்கால் மணித்தியாலம் பிரசங்கித்தார். அவர் இறங்கின கையோடு உபதேசியார் பெயர்ப்பட்டியலை விரித்தார். விசுவாசமே போதுமென்றால் பட்டியல் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. பெயர்கள் வரிசையாய் வந்து முடிந்தன. நவோமி சேலைத் தலைப்பைப் பிடித்தபடியே இருந்தாள்.

பின்னேரம் பொட்டடியில் மகாதேவி, "ஏனக்கா முகம் வாடிக் கிடக்கு?" என்றாள். அப்படி ஒருவர் கேட்டு எத்தனையோ வருடம். நவோமிக்கு அழுகை வந்துவிட்டது. பானையையும், வாசிக்காத பெயரையும், எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

மகாதேவியின் முகம் வெளிறியது. "சாமிக்கு வைச்ச அரிசியையோ அக்கா தந்தனீங்கள்? கோயில் சொத்தையெல்லோ அவருக்குக் குடுத்துப்போட்டன்."

சைவக்காரிக்குக் கோயில் சொத்து நெருப்பு, எந்தக் கோயிலாய் இருந்தால் என்ன. பதினோராம் நாள் கனகசபாபதி கண்ணை மூடினார். நவோமி அந்த வீட்டு வாசல் படலைவரை போய், உள்ளே போகத் துணியாமல் திரும்பிவந்தாள். செத்தவீடு முடிந்ததும் மகாதேவி பொட்டைத் தென்னோலைக் கிடுகு வைத்துக் கட்டிவிட்டாள். ஆலயத்தில் பெயர் போயிற்று, வேலியில் கதையும் போயிற்று. அதற்குப் பிறகு பானையில் பிடி போட நவோமிக்குக் கை வரவில்லை. ஒரு வருடம் அப்படித்தான் கிடந்தாள்.

அடுத்த பண்டிகைக்கு இரண்டு நாள் இருக்க, கிடுகு விலகியது. மகாதேவி ஒரு பையோடு நின்றாள்.

"உலை வைக்கேக்கையெல்லாம் நானும் ஒவ்வொரு பிடி எடுத்து வைச்சனான். உங்கடை சாமியின்ரை அரிசி, அக்கா. கொண்டுபோய்க் குடுத்துவிடுங்கோ. இந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

அதைக் கொண்டுபோனால் பெயர் வாசிப்பார்கள். நவோமிக்கு அது நன்றாகத் தெரியும். பையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மெல்ல அந்தப் பக்கம் தள்ளிவிட்டாள்.

"அவர் அப்பவே குடிச்சு முடிச்சிட்டார் பிள்ளை."

"ஆர்?"

"ஆண்டவர். உன்ரை மனிசன் குடிச்ச கஞ்சிதான் அவருக்குப் போனது. திருப்பிக் குடுக்க ஒண்டும் இல்லை. இதை நீ சமைச்சுச் சாப்பிடு."

மகாதேவி பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழுதாள். பண்டிகையில் அந்த வருடமும் நவோமியின் பெயர் வரவில்லை. வீட்டுக்கு வந்து, ஒரு ஆள் சோற்றைச் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டுக்கொண்டு குசினி அடுப்படியில் இருந்தாள்.

மகாதேவி பொட்டடியில் தன் பக்கத்தில் பாயைப் போட்டு, தன் கோப்பையோடு இருந்தாள். வேலிக்கு மேலால் குரல் கொடுத்தாள்.

"நவோமியக்கா, உங்கடை கோப்பையையும் எடுத்துக்கொண்டு இஞ்சாலை வாங்கோவன்."