ஒத்துழைக்காத பன்னிரண்டு பேர்

புற்றுநோய் மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், கதிர்வீச்சு அறைக்கு நேரெதிரே இருந்த பல் பிரிவில் அவள் பத்தொன்பது வருடமாக நர்ஸ். நோயாளிகள் அவளைப் ‘பல்லக்கா’ என்பார்கள். வருகைப் பதிவேட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அதுவே அவள் பெயராகிவிட்டது.

வாயிலும் தொண்டையிலும் கதிர்வீச்சு பட்டால் உள்ளெல்லாம் வெந்துபோகும். எச்சில் வற்றும், பல் சொத்தையாகும், ஒரு வாய் தண்ணீர் விழுங்குவதற்குள் கண்ணீர் வந்துவிடும். “பல்லெல்லாம் ஆடின பிறகு எங்கிட்ட அனுப்பறாங்க. முன்னாடியே அனுப்பினா என்ன குறைஞ்சு போயிடும்?” என்று வருடக்கணக்கில் தொண்டை வற்றக் கத்தியவள் பல்லக்கா.

ஒருவழியாகப் பெரிய டாக்டர் ஓர் ஆய்வு தொடங்கினார். சிகிச்சைக்கு முன்பே அறுபது பேருக்குப் பல்லைச் சீராக்குவது. பிறகு பாதிப் பேர் புது மருந்துநீரிலும், மீதிப் பேர் உப்புத்தண்ணீரிலும் வாய் கொப்பளிப்பது. யாருக்குப் புண் குறைகிறது என்று தினமும் டார்ச் அடித்துப் பார்த்துப் படிவத்தில் எழுதும் வேலை அவளுக்கு. சந்தோஷமாகத்தான் ஏற்றுக்கொண்டாள்.

மருந்துநீர் வாங்கியவர்களில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இருந்தார். ஒருநாள் நடைக்கூடத்துக் குழாயடியில் அவர் பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டிருந்ததைப் பல்லக்கா பார்த்துவிட்டாள்.

“என்னண்ணா பண்றீங்க?”

அவர் பதறிப்போனார். “கோவிச்சுக்காதம்மா. வாயில வெச்சா நெருப்பை வெச்ச மாதிரி இருக்கு. பாட்டிலைக் காலியாத் திருப்பித் தரணும்னாங்க, அதான்...”

“எத்தனை நாளா?”

“பத்து நாள் இருக்கும். சொன்னா டாக்டர் வைத்தியத்தையே நிறுத்திட்டா நான் எங்க போவேன்?”

பல்லக்கா மற்றவர்களிடமும் ஒவ்வொருவராகக் கேட்டாள். முப்பது பேரில் பன்னிரண்டு பேர் அதே கதை சொன்னார்கள். ஒரு டீச்சரம்மா அழுதுகொண்டே இரண்டு நொடி வாயில் வைத்துவிட்டுத் துப்பிவிடுவாராம். ‘எரிச்சல் தாங்காமல் நிறுத்தினார்’ என்று பன்னிரண்டு படிவத்திலும் எழுதி வைத்தாள்.

அடுத்த மாதம் ஆய்வின் பட்டியல் தயாரானது. பன்னிரண்டு பெயரும் கோடிட்டு அடிக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் காரணம்: ‘ஒத்துழைக்காதவர்கள்.’

அவளுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. பட்டியலோடு நேரே பெரிய டாக்டர் அறைக்குள் நுழைந்தாள்.

“மருந்தை ஒழுங்கா உபயோகிச்சவங்களை வெச்சுத்தானே சிஸ்டர் மருந்தை எடை போட முடியும்?” என்றார் அவர், தலை நிமிராமல்.

“எரியுதுன்னு விட்டவங்களை எல்லாம் கழிச்சுட்டா மிச்சம் இருக்கறவங்களுக்கு எரியாதுதான் சார். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறதுக்கா நான் தினம் டார்ச் அடிச்சேன்?”

“உங்க வேலை பல்லு சுத்தம் பண்றது.”

“ஆமா சார். அதனாலதான் அழுக்கு எங்க இருந்தாலும் கண்ணுல படுது.”

வீட்டில் அவள் கணவன், லிஃப்ட் மெக்கானிக், முதலில் பயந்தான். “பெரிய இடத்துப் பொல்லாப்பு நமக்கெதுக்கு?”

“ரெண்டு பஸ் மாறி, ஒரு நாள் தவறாம வந்த அந்த டிரைவரண்ணா ஒத்துழைக்காதவராம்! வாய் வெந்தவரை வாய் கூசாம சொல்றாங்க!”

அவன் எழுந்து போய்த் தாளும் பேனாவும் எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தான். “அப்ப எழுத்துல குடு. வாயால சொன்னா காத்தோட போயிடும்” என்றான்.

ஆய்வுகளைக் கண்காணிக்கும் குழுவுக்கு அவள் நான்கு பக்கம் எழுதினாள். குழு கூடிய அன்று டிரைவரும் வந்தார். புண் ஆறாத வாயால் நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

“பிரேக் பிடிக்கலைன்னு டெப்போவுல எழுதிக் குடுத்தா வண்டியைத்தாங்க பாப்பாங்க. டிரைவர் பேரை அடிக்க மாட்டாங்க.”

பன்னிரண்டு பேரும் பட்டியலில் மறுபடி சேர்க்கப்பட்டார்கள். எல்லாரையும் கணக்கில் எடுத்ததும் சாயம் வெளுத்தது: அந்த மருந்துநீர் உப்புத்தண்ணீரைவிட ஒரு மாற்றும் உசத்தியில்லை, எரிச்சல் மட்டும்தான் அதிகம். அது கைவிடப்பட்டது. கதிர்வீச்சுக்கு முன் எல்லாரும் பல்லைக் காட்டியாக வேண்டும் என்ற விதி மட்டும் நிலைத்தது. பல்லக்காவுக்குக் கிடைத்தது, கருவிகளை வேகவைக்கும் கீழ்த்தள அறையில் ஏழு மாதம். அறிக்கையின் நன்றிப் பக்கத்தில் மருந்து அனுப்பியவர்கள்வரை எல்லாரும் இருந்தார்கள், அவள் இல்லை.

அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். அந்தப் பன்னிரண்டு பேரிடம் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. தானே ஒவ்வொருவருக்காகப் போன் போட்டாள். “தப்பு மருந்து மேல. உங்க மேல இல்ல” என்றாள். டீச்சரம்மா சிரித்தேவிட்டார்.

கடைசி எண்ணில் நோயாளியின் மனைவி எடுத்தார். கணவர் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பல்லக்கா சொன்னதைக் கடைசிவரை கேட்டுவிட்டு, “இதைக் கொஞ்சம் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதாம்மா? ‘டாக்டரை ஏமாத்திட்டேன், அதான் குணமாகல’ன்னு கடைசி வரைக்கும் புலம்பிட்டே போனாரும்மா” என்றார்.

பெரிய டாக்டர் இப்போதும் படிக்கட்டில் எதிர்ப்பட்டால் வணக்கம் சொல்கிறார். பல்லக்கா பதிலுக்குச் சொல்வதில்லை.