இரண்டு கையிலும் பை

கோர்ட்டு நாளில் எல்மா ஜோஷுவா ஜேம்ஸ்டவுனுக்கு இறங்கும்போது இரண்டு கையிலும் பை இருக்கும். ஒன்றில், மிளகாய் நறுக்கிப் போட்டுப் பொரித்த மீன் வடை. இன்னொன்றில் கசக்கித் திணித்த பழைய செய்தித்தாள். வேறொன்றும் இல்லை.

செயின்ட் ஹெலினா சின்னத் தீவு; எதிரே வண்டி வந்தால் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சண்டை என்று பொருள். எல்மா காட்டினாலோ அதற்கு வேறு பொருள் வந்துவிடுகிறது. மற்ற நாளெல்லாம் மார்க்கெட்டில் வடை விற்கும் அவர், வழக்கு வந்தால் இன்னும் இரண்டு பேரோடு நீதிபதி நாற்காலியில் உட்காருகிறார். சட்டம் படித்தவர் இல்லை. படித்த அலுவலர் ஒருவர் பக்கத்தில் இருந்து சட்டத்தை எடுத்துச் சொல்வார். ஒருமுறை காலையில் ஒருவனுக்குக் கை காட்டிவிட்டு மதியம் அவன் தம்பியைச் சிறைக்கு அனுப்பினார். "காலைல டாட்டா காட்டினதே அதுக்குத்தானா?" என்று அந்த வீட்டார் வெகுநாள் வடை வாங்கவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த இரண்டாவது பை.

நெருங்கிய சொந்தமென்றால் விலகிக்கொள்ளலாம். தெரிந்தவர் என்பதற்கெல்லாம் விலகினால் நாற்காலிகள்தான் மிஞ்சும். பெஞ்சமின் வீட்டுப் பையன் சொந்தமாக இருந்திருக்கக் கூடாதா என்று அந்த வாரம் முழுக்க எல்மாவுக்கு ஏக்கம். மாவு பிசையும்போதெல்லாம் "லயோனல் பெஞ்சமின், லயோனல் பெஞ்சமின்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஊருக்கு அவன் பூசணி. நாற்காலியில் இருந்துகொண்டு பூசணி என்று சொல்லிவிடக் கூடாதே என்ற பயம். குடித்துவிட்டு வண்டி ஓட்டி, கிழவர் ஆர்ச்சியின் இடுப்பை உடைத்திருந்தான் பூசணி. போன வருஷம் எல்மாவின் கணவரின் சவப்பெட்டியை மேட்டுக் கல்லறைவரை முன்தோள் கொடுத்துச் சுமந்தவனும் அவன்தான். தோல் உரிந்தும் தோள் மாற்றிக்கொள்ளவில்லை.

வழக்கன்று காலை ஒரு வண்டி அவரை உரசுவதுபோல் வந்து நின்றது. ஓட்டியவர் பக்கத்து வீட்டுக்காரர். அருகில் பூசணியின் அம்மா டாரிஸ், கால் விளங்காதவர்.

"என்னடி, கையைத் தூக்கினா சுளுக்கிக்குமா?"

"ரெண்டு கையிலயும் பை, டாரிஸ்."

"ஒண்ண என் மடில வை. ஏறு, விட்டுடறோம்."

"வேணாம். நடந்தே போறேன்."

"நடடி, நட. ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போ. அவன் உள்ள போயிட்டா என்னை யாரு கட்டில்லேர்ந்து தூக்கறது? நீ வருவியா?"

எல்மா நடந்தார். செய்தித்தாள் பைதான் கனத்தது.

பின்னறையில் மூவரும் கூடினார்கள். பள்ளிக்கூட வாத்தியார் கிளெமென்ட், "லைசென்ஸைப் பிடுங்கிட்டு ரோட்டு வேலைக்கு அனுப்புவோம். டாரிஸை நினைச்சுப் பாரு" என்றார். கப்பலில் இருந்து ஓய்வுபெற்ற சிரில், "ஆர்ச்சியையும் யாரோதான் தூக்கி உக்கார வைக்கணும்" என்றார். பிறகு இருவரும் எல்மாவைப் பார்த்தார்கள்.

எல்மா கைகளை மேசைக்கடியில் வைத்துக்கொண்டார். அந்தப் பெட்டியை இவன் சுமக்காமல் இருந்திருந்தால் நான் என்ன சொல்வேன்? பதில் உடனே வந்தது. வந்த வேகம்தான் அவரைப் பயமுறுத்தியது.

"லயோனல் பெஞ்சமின், எழுந்திருங்க" என்றார் நாற்காலிக்குத் திரும்பியதும். பெயர் பிசகவில்லை. ஆனால் அவன் எழுந்திருக்கவில்லை; யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தான். இன்னொருமுறை சொன்னார். அப்போதும் அப்படியே.

"பூசணி, உன்னைத்தான்."

கூடம் சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டே எழுந்தான். சிரிப்பு அடங்குவதற்குள் எல்மா ஆறு மாதம் சிறை என்றார்.

வெளியே வந்தபோது டாரிஸ் இருந்த வண்டியின் கண்ணாடி ஏற்றியிருந்தது. சிறைச்சாலை, கோர்ட்டு வாசல் சதுக்கத்துக்கு அந்தப் பக்கம்தான். போலீஸ்காரரும் பூசணியும் ஒன்றாகப் படித்தவர்கள். விலங்கில்லாமல் பேசிக்கொண்டே நடந்தார்கள். எல்மாவைக் கண்டதும் பழக்கத்தில் பூசணியின் கை மேலே போனது. நினைவு வந்து பாதியிலேயே இறங்கியது.

எல்மா இரண்டு பைகளையும் தரையில் வைத்தார். ஒன்று சாய்ந்து காகிதங்கள் காற்றில் சதுக்கமெங்கும் ஓடின. அவற்றைப் பிடிக்கக் குனியாமல், வலது கையைத் தூக்கினார். சிறைக்கதவு சாத்தும்வரை அதை இறக்கவில்லை.