துண்டில் கால் துடைத்தவர்

சேரன்மகாதேவியை விட்டுப் பத்தமடைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி, போன் சார்ஜர். ஏழு மாதமாக மூட்டை தூக்கிய நெல் அரவை மில்லை அன்று காலை விட்டிருந்தேன். சண்டை ஒன்றும் இல்லை. ஒரே இடத்தில் ஏழு மாதம் என்பது எனக்கு அதிகம், அவ்வளவுதான்.

முதலாளி, "ஏம்லே, இங்கன ஒனக்கு என்ன குறை?" என்று கேட்டார்.

"ஒரு குறையும் இல்ல மொதலாளி."

"குறை இல்லாமப் போறவன இப்பதாம்லே பாக்கேன்" என்றார். பிறகு சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். சாப்பிட்டேன், கிளம்பினேன்.

பிசானப் பருவத்து நெற்பயிர் இரண்டு பக்கமும் முழங்காலுக்கு மேல் வந்திருந்தது. எங்கே போவது என்று முடிவு செய்யவில்லை. திருப்பூர், கொச்சி, ஓசூர் எல்லாம் பார்த்தாகிவிட்டது. பத்தமடையில் டீ குடிக்க நின்றபோது ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று போயிற்று. தச்சநல்லூர்ப் பக்கம் பொருட்காட்சி, தினமும் மாலை நான்கு மணிக்கும் ஏழு மணிக்கும் வெளிமாநில வீரர்கள் மோதும் மல்யுத்தம் என்றது. டீயை முடித்துவிட்டு ஜங்ஷன் பஸ்ஸில் ஏறினேன்.

எனக்கு இந்த மல்யுத்தப் பைத்தியம் சின்ன வயதிலிருந்தே உண்டு. எட்டாவதோடு படிப்பு நின்றது. அந்த எட்டு வருடத்தில் பாடப் புத்தகத்தைவிட மல்யுத்த டிரம்ப் கார்டுகளைத்தான் அதிகம் படித்திருப்பேன். எந்த வீரன் என்ன உயரம், என்ன எடை, எத்தனை சண்டை ஜெயித்தான் என்பதெல்லாம் மனப்பாடம். பிறகு போன இடமெல்லாம் டிவியிலும் போனிலும் பார்த்தேன். பார்க்கும்போது பின்னால் ஒருவன் வந்து நின்று, "இதெல்லாம் பொய்யில்லா, இதப் போயி பாக்கியே" என்பான். எல்லா ஊரிலும் அப்படி ஒருவன் உண்டு.

பொய் என்பது எனக்கும் தெரியும். ஆனால் மூட்டை தூக்கத் தொடங்கிய பிறகு வேறு சிலதும் தெரிந்தது. நூறு கிலோ மூட்டையைத் தோளில் ஏற்றலாம். நூறு கிலோ ஆள் ஒத்துழைக்கவில்லையென்றால் அவனை இடுப்பு உயரம்கூடத் தூக்க முடியாது. தூக்கப்படுகிறவன் சரியான நொடியில் எம்ப வேண்டும். அவன் எம்பியதும் தெரியக்கூடாது. தூக்குகிறவன் முகத்தில் பாரம் தெரிய வேண்டும், கையில் பத்திரம் இருக்க வேண்டும். விழுகிறவன் தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி விழுந்து, இரண்டு உள்ளங்கையாலும் தரையை அறைய வேண்டும். சத்தம் கையிலிருந்து வருகிறது, தலை தப்பிக்கிறது. இதைப் பொய் என்று சொல்கிறவர்கள் ஒரே ஒரு தடவை அப்படி விழுந்து பார்க்கலாம்.

திடலுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மதியம். ராட்டினம் நின்றிருந்தது. டெல்லி அப்பளக்காரர் கடைக்குள் படுத்திருந்தார். மல்யுத்த மேடையில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், மொட்டைத் தலை, இடது முழங்காலில் பட்டைத்துணி, தனியாக மூலைக் கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தார். நான் பையை வைத்துவிட்டு மறுமுனையைப் பிடித்து இழுத்தேன். நான் யார் என்று அவர் கேட்கவில்லை. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஆங், போதும்பா" என்றார். நாலு மூலையும் அப்படி முடித்தோம். பிறகு தயிர்ச்சோற்றுப் பொட்டலத்தில் பாதியை என் பக்கம் நகர்த்தினார்.

அவர்தான் வில்லனாக இறங்குகிறவர். வேலூர்ப் பக்கத்துக்காரர். மேடையும் அவருடையது. கூட வந்திருந்த ஐந்து பேரும் ஜிம்களில் வேலை பார்த்துக்கொண்டே இவர் கூப்பிடும்போது வருகிறவர்கள். நாயகனாக இறங்குகிறவன் அரியானாப் பையன், ஆறேகால் அடி உயரம், தமிழில் 'சோறு', 'வணக்கம்' மட்டும் தெரியும்.

நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பொருட்காட்சிக் காண்ட்ராக்டர் வந்தார். வெள்ளைச் சட்டைக்காரர், உட்காரவில்லை.

"மூணு நாள் பாத்துட்டேன் வே. ஆள் வருது, உக்காருது, எந்திரிச்சுப் போவுது. ஒரு விசில் உண்டா, ஒரு கைதட்டு உண்டா? செத்த வீடு மாதிரில்லா இருக்கு. வெளிய நிக்கவனுக்கு உள்ள என்னமோ நடக்குன்னு தெரியாண்டாமா?"

"இன்னிக்கு வந்துடும் சார்."

"நாலு மணி ஆட்டம் பாப்பேன். இன்னைக்கும் சத்தம் வரலன்னா நாளைக்குக் காலைல மேடையப் பிரிச்சிரும். மரணக் கிணறுக்காரன் எடம் கேட்டு நிக்கான்."

அவர் போன பிறகு வில்லன் சோற்றுப் பொட்டலத்தை மடித்து வைத்தார். பிறகு, இங்கிருந்து பிரித்தால் அடுத்த ஊர் எதுவும் கைவசம் இல்லை, பையன்கள் அவனவன் வேலைக்குப் போய்விட்டால் மறுபடி கூட்ட முடியாது, இந்த முழங்காலை வைத்துக்கொண்டு தன்னை வேறு யாரும் கூப்பிடவும் மாட்டார்கள் என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. பட்டைத்துணியை அவிழ்த்துத் திரும்பச் சுற்றிக்கொண்டே சொன்னார்.

"உங்க ஊரு ஜனங்க ஏம்பா கத்தவே மாட்றாங்க? சேலத்துல நான் உள்ள நுழைஞ்சாலே திட்டுவாங்க."

நான் யோசித்துச் சொன்னேன். "அண்ணே, இங்க ஒருத்தன ஏசணும்னா மொதல்ல அவன் யாரு எவர்னு தெரியணும். நீங்க யாரோ, அந்தப் பையன் யாரோ. அடுத்த வீட்டுச் சண்டையில நாம என்னத்துக்குப் பேசணும்னு இருக்காவ."

"அப்போ நான் அவங்களுக்கு என்னா பண்ணணும்?"



நாலு மணிக்குக் கூட்டம் முக்கால்வாசி இருந்தது. குடும்பம் குடும்பமாக, பாதிப்பேர் கையில் அப்பளத்தோடு. நான் மேடைக்கு வலது பக்கம் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன். காண்ட்ராக்டர் ஓரமாக நின்றார். முன்வரிசை நடுவில் சிறப்பு விருந்தினராக ஒரு வாழைக்காய் மண்டிக்காரர், மடியில் ஒரு பட்டுத்துண்டு.

வில்லன் வந்தார். நடையில் முழங்கால் தெரியவில்லை. கயிற்றில் சாய்ந்துகொண்டு கூட்டத்தைக் கொட்டாவி விட்டுப் பார்த்தார். நாயகன் கை நீட்டியபோது தன் கையைக் கொடுப்பதுபோல் கொண்டுபோய்த் தலையைச் சொறிந்தார். நல்ல வேலை அது. சேலத்தில் சிரித்திருப்பார்கள். இங்கே என் பக்கத்தில் இருந்த பெரியவர், "சொறி புடிச்சவன் போல" என்று மனைவியிடம் சொன்னார், அவ்வளவுதான்.

பத்து நிமிடம் மிக அழகாகச் சண்டை போட்டார்கள். வில்லன் கழுத்தைப் பிடித்து முடக்கிப் போட்டபோது அவர் வாய் பையனின் காதருகே இருந்தது. அடுத்து என்ன என்பதை அப்போதுதான் சொல்கிறார். பையன் காலை உதறி உதறித் துடித்தான். முதுகில் விழுந்த ஒவ்வொரு அறைக்கும் ஒரு நொடி தாமதித்துத்தான் முகம் சுளித்தான். வலி பின்னால் வரும் என்பது தெரிந்தவன். நான் ஒருவன்தான் கைதட்டினேன்.

பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நடிப்புத்தாம்லே எல்லாம். இதுக்குப் போயி கையத் தட்டுதியே."

"நடிப்புத்தான் பெரியவரே. நல்லா நடிக்காங்கல்லா."

"நல்ல நடிப்புன்னா எனக்கு நடிப்புன்னு தெரியக்கூடாதுல்லா?"

காண்ட்ராக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது மண்டிக்காரர் எழுந்தார். பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போக வேண்டுமாம், நேரமாகிவிட்டது. எங்கள் பக்கத்துக் கோயில் கொடைத் திருவிழாக்களில் வில்லுப்பாட்டோ கரகமோ நடந்துகொண்டிருக்கும்போதே மரியாதைக்காரர் மேடையேறித் துண்டு போடுவார். பாடுகிறவர் நிறுத்தி, வாங்கி, கும்பிட்டு, விட்ட இடத்திலிருந்து பாடுவார். ஆட்டம் முடியட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை. அதனால் இவர் துண்டோடு மேடைப் படியில் ஏறியது கூட்டத்தில் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. இரண்டு பேர் ஓடிப்போய்க் கயிற்றை விலக்கிக்கூடக் கொடுத்தார்கள். நடுவர்தான் வாயைத் திறந்தபடி நின்றார்.

உள்ளே நாயகன் குப்புறக் கிடந்தான். நின்றுகொண்டிருந்தது வில்லன் மட்டும். யார் நல்லவன் யார் கெட்டவன் என்று மண்டிக்காரர் பார்க்கவில்லை. நிற்கிறவர் தோளில் துண்டைப் போட்டார்.

ஆட்டம் அங்கேயே செத்திருக்க வேண்டும். வில்லன் இரண்டு கையையும் கூப்பினார். கூப்பியபடியே நின்றார். அவர் கண் மட்டும் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரைக்கும் மெதுவாகப் போய் வந்தது. கூட்டம் முதல் தடவையாக அப்பளம் தின்பதை நிறுத்தியிருந்தது. ஒரு மரியாதை நடக்கிறது அல்லவா, அதற்காக.

பிறகு துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். விரித்துப் பார்த்தார். ஜரிகையைத் தடவினார். மூலைக் கயிற்றில் போய் உட்கார்ந்து, வலது பூட்ஸைத் தூக்கி, அந்தத் துண்டால் துடைத்தார். அவசரமே இல்லை. அடுத்து இடது பூட்ஸ். அடிப்பாகத்தையும் துடைத்தார்.

முதலில் ஒரு பெண் குரல்தான் வந்தது. "ஏ மூதி!"

அதற்குப் பிறகு எந்தக் குரல் யாருடையது என்று தெரியவில்லை. மொத்தத் திடலும் எழுந்து நின்றது. பெரியவர் நாற்காலி மேல் ஏறிவிட்டார். "அண்ணாச்சி போட்ட துண்டுலயாலே காலத் தொடைக்க? எறங்குலே கீழ! எறங்குலே செத்த மூதி!" அவர் மனைவி இடுப்பைப் பிடித்து இழுத்தார், அவர் உதறினார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி பறந்து கயிற்றில் பட்டுத் திரும்பி விழுந்தது. ராட்டினத்துக்கு வரிசையில் நின்றவர்கள் இந்தப் பக்கம் ஓடிவந்தார்கள்.

எனக்குப் பயமாக இருந்தது. மண்டிக்காரர் மேடையில் கை இரண்டும் தொங்க நின்றார், முகம் சிவந்து. அவர் நடிகர் இல்லை, அவருக்கு அது நிஜ அவமானம். அவர் ஒரு சொல் சொன்னால் கூட்டம் மேடையைப் பிய்த்திருக்கும். வில்லன் மூலைக் கயிற்றிலிருந்து இறங்கி அவரைத் தாண்டிப் போகும்போது, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உதட்டை அசைத்தார். என்ன சொன்னார் என்று பிறகு கேட்டேன். "ரெண்டே நிமிஷம் அண்ணே, கோச்சிக்காதீங்க" என்றாராம்.

கிடந்த பையனுக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. ஆனால் அவன் ஊரிலும் மரியாதைக்குத் தலைப்பாகை என்று ஒன்று உண்டே. துண்டைப் பார்த்தான், மண்டிக்காரர் முகத்தைப் பார்த்தான், எழுந்தான். இனி என்ன செய்ய வேண்டும் என்று யாரும் அவன் காதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒவ்வொரு அடிக்கும் கூட்டம் 'போடுலே' என்றது. வில்லன் அத்தனையையும் வாங்கினார். ஓடப் பார்த்தார், காலைப் பிடித்து இழுக்கப்பட்டார், மண்டிக்காரரின் பின்னால் ஒளியப் பார்த்தார், பெண்கள் கத்தினார்கள். கடைசியாகப் பையன் அவரை இடுப்பைச் சேர்த்துப் பிடித்தான். வில்லன் நல்ல காலை மட்டும் ஊன்றி எம்பியதை நான் பார்த்தேன். வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தலைக்கு மேல் போய், ஒரு நொடி நின்று, இறங்கினார். முதுகு சரியாகத்தான் விழுந்தது. அந்த அறையோடு கூடவே மேடைப் பலகை பிளக்கும் சத்தமும் கேட்டது.

பையன் அவரை அமுக்கிப் பிடிக்க, நடுவர் தரையைத் தட்டத் தட்ட, ஒண்ணு, ரெண்டு, மூணு என்று திடல் முழுவதும் எண்ணியது. பையன் துண்டை எடுத்து, தூசி தட்டி, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு மண்டிக்காரர் தோளில் போட்டான். "வணக்கம்" என்றான். பெரியவர் நாற்காலியிலிருந்து இறங்கி, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மேடைக்குப் பின்னால் படுதா மறைவில் வில்லன் முழங்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கால் வீங்கியிருந்தது. மண்டிக்காரர் உள்ளே வந்ததும் படுதா கட்டிய கயிற்றைப் பிடித்து எழுந்து நின்றார்.

"யாரக் கேட்டு வே என் துண்டுல காலத் தொடச்சீரு?"

"தப்புதாங்க. வேற வழி தெரியல."

மண்டிக்காரர் அவர் முழங்காலைப் பார்த்தார். "உக்காரும்" என்றார். "நானும் எத்தன மேடையில துண்டு போட்டிருக்கேன். வாங்குதவன் எவனும் அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும்கூட ஞாபகம் வச்சிருக்க மாட்டான். கல்யாண வீட்டுல போயி இதச் சொன்னா ஒருத்தன் நம்ப மாட்டான் பாத்துக்கிடும்." போகும்போது அந்தத் துண்டை மடித்துப் பையனிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

காண்ட்ராக்டர் அவருக்குப் பின்னாலேயே வந்தார். "மரணக் கிணறுக்காரன வேற ஊரு பாக்கச் சொல்லியாச்சு. பொருட்காட்சி முடியுறமட்டும் இரும். நாக்காலிய மட்டும் கயித்தப் போட்டுக் கெட்டி வைக்கணும்."

ஏழு மணி ஆட்டத்துக்கு வேறு இருவர் இறங்கினார்கள். பிளந்த பலகைக்கு அடியில் செங்கல் அடுக்கிச் சமாளித்தோம். வில்லனுக்கு நாலு நாளாவது ஓய்வு வேண்டும். பலகையை மாற்ற வேண்டும், பையன்களுக்கு மரம் பற்றித் தெரியாது. "நீ இருக்கியாப்பா?" என்று கேட்டார். இருக்கிறேன் என்றேன்.

மறுநாள் காலையில் கித்தானையும் அதன் கீழே இருந்த மெல்லிய மெத்தையையும் சுருட்டினோம். பலகை நீளவாக்கில் பிளந்திருந்தது. அதன் நீளத்தையும் அகலத்தையும் கயிற்றில் முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டேன். "கெட்டியா வாங்கிட்டு வந்துடாத. வளையணும். வளையலன்னா முதுகு போயிடும்" என்றார் வில்லன்.

மரக்கடைக்காரர் நல்ல தேக்குப் பலகையாகக் காட்டினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு பலகையையும் இரண்டு செங்கல் மேல் வைத்து ஏறி நின்று குதித்துப் பார்த்தேன். "எதுக்கு வே இது, கட்டிலுக்கா?" என்றார். மனுசன் விழுறதுக்கு என்றேன். ஐந்தாவது பலகை சரியாக வளைந்தது. அதைத் தோளில் வைத்துக்கொண்டு தச்சநல்லூர் வழியாகத் திடலுக்கு நடந்தேன். நீளம் அதிகம், ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, முன்னும் பின்னும் பார்த்துத்தான் திரும்ப வேண்டியிருந்தது.